நாகைக்கு மட்டும் விடுமுறை

திருமலைராயன்பட்டினம்
ஜூலை 7

ஓரேலி அப்பாவுக்கு,

பெனிட்டா எழுதுவது. போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே சண்டையாகிவிடுகிறது. அதனால்தான் உங்கள் நம்பரை பிளாக் செய்தேன். அதை எடுப்பதாக இல்லை. பங்குச் சாமியார் சொன்னபடி, சொல்ல வேண்டியதை எழுதி நம் ஓரேலிப் பாப்பாவின் சாப்பாட்டுப் பையில் வைத்து அனுப்புகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். காகிதத்தில் யாரும் கத்த முடியாது.

காலையில் நான் அவளைப் பள்ளியில் விட்டுவிடுவேன். லேப்பில் எனக்கு மதிய ஷிப்ட். வீடு திரும்ப எட்டாகிவிடும். ஆகவே சாயங்காலம் கூட்டி வருவது உங்கள் பொறுப்பு. இது நான் ஆசைப்பட்டுக் கொடுத்ததல்ல. நீங்கள் டிவியைத் தூக்கிப் போட்டு உடைத்த அன்று கட்டிலுக்கடியில் ஒளிந்த பிள்ளை இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் உங்களை வெளியே போகச் சொன்னேன். "அப்பன் முகத்தப் பாக்காம புள்ள ஏங்கிப் போயிடும்மா" என்று சாமியார் சொன்ன ஒரு சொல்லுக்காக இதற்குச் சம்மதித்திருக்கிறேன்.

பைக் வேண்டாம். கோபத்தில் நீங்கள் பைக் ஓட்டுகிற லட்சணம் எனக்குத் தெரியும். நடத்தியே கூட்டி வாருங்கள். மெயின் ரோட்டில் கரி லாரி ஓயாமல் போகிறது, கையை விடாதீர்கள். நேராக நம் எதிரே இருக்கும் அர்ஷியா அக்கா வீட்டில் விட்டுவிட்டு வாசலோடு திரும்பிவிட வேண்டும். நான் வரும்வரை அவர் பார்த்துக்கொள்வார்.

ஒரு நாள் வராமல் இருந்தாலும் அத்தோடு இந்த ஏற்பாடு முடிந்தது. ஐந்து வயதுப் பிள்ளை பள்ளிக்கூட வாசலில் யாருக்காகவும் காத்து நிற்கக் கூடாது.

பெனிட்டா

*

நாகூர்
ஜூலை 10

அன்புள்ள பெனி,

உன் கடிதம் கிடைத்தது. ஸ்டேஷனிலிருந்து வந்த சம்மன் மாதிரி இருந்தாலும் உன் கையெழுத்தைப் பார்த்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

துறைமுகத்தில் காலை ஷிப்ட் மட்டும் போடச் சொல்லிக் கேட்டு வாங்கிவிட்டேன். எடைமேடையில் வேலை முடிந்ததும் கீழவாஞ்சூரிலேயே முகம் கழுவிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறேன். கரித்தூள் முகத்தோடு போய் நின்றால் பிள்ளைக்கு வெட்கமாக இருக்குமே.

முதல் நாள் செல்லம் டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க யாரு?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் மகள், "எங்க அப்பாதான் மிஸ். நாகூர்ல இருக்காங்க. வந்துட்டுப் போயிடுவாங்க" என்றாள். டீச்சர் அவள் பையை எடுத்து என் கையில் கொடுத்தார். மெயின் ரோடு வரைக்கும் அந்த வார்த்தையே என் கூட நடந்து வந்தது.

வழியெல்லாம் அவள்தான் பேசுகிறாள். "லாரிக்கு ஏம்ப்பா போர்வ போத்திருக்காங்க, காய்ச்சலா?" என்கிறாள். எடைமேடை என்றால் நான் லாரியைக் கையால் தூக்கிப் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஆமாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். நீ மறுத்துவிடாதே. இந்த வீட்டில் எனக்கிருக்கும் மரியாதை அது ஒன்றுதான்.

நீ சொன்னபடியெல்லாம் நடக்கிறேன். அர்ஷியா அக்கா வாசலோடு திரும்பிவிடுகிறேன். எதிரே நம் வீடு பூட்டிக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே திரும்புவதுதான் கஷ்டமாக இருக்கிறது.

ஜான்பீட்டர்

*

திருமலைராயன்பட்டினம்
ஆகஸ்ட் 20

ஓரேலி அப்பாவுக்கு,

நேற்று இரவு பாப்பா தன் பொம்மையை ஒரு வார்த்தை சொல்லித் திட்டினாள். இங்கே எழுத முடியாத வார்த்தை. பாரீஸிலிருக்கும் மரி சித்தி ஆசை ஆசையாக ஓரேலி என்று பெயர் வைத்த பிள்ளையின் வாயிலிருந்து அது வருகிறது. எங்கே கற்றாய் என்றேன். "அப்பா லாரிக்கார மாமாவ சொன்னாங்க" என்றாள். நீங்கள் லாரியைக் கையால் ஓங்கி அடித்ததையும் சொன்னாள். சொல்லும்போதே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

அர்ஷியா அக்காவுக்கு இது சிரிப்பாக இருக்கிறது. எனக்கு இல்லை. அந்த மூடிய கண்ணை நான் ஏற்கெனவே கட்டிலுக்கடியில் பார்த்திருக்கிறேன். ரோட்டில் அவள் பயப்பட வேண்டியது லாரிக்கு. கையைப் பிடித்திருக்கும் அப்பாவுக்கு அல்ல.

இன்னொரு தடவை இப்படி நடந்தால் சாமியாரிடமெல்லாம் போய் நிற்க மாட்டேன். நானே நிறுத்திவிடுவேன்.

பெனிட்டா

*

நாகூர்
செப்டம்பர் 4

அன்புள்ள பெனி,

பதில் எழுத நாளாகிவிட்டது. கோபத்தில் இரண்டு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். காகிதத்திலும் கத்த முடியும், உனக்குத்தான் தெரியவில்லை.

அந்த லாரிக்காரன் பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்தான். பாப்பாவும் இன்னும் இரண்டு பிள்ளைகளும் பின்னால் நின்றார்கள். அடித்தால்தான் அவனுக்குக் கேட்கும். அடித்ததற்கு நான் வருத்தப்படவில்லை. லாரி நின்ற பிறகும் நான் நிற்கவில்லை பார், அதற்குத்தான் வருத்தப்படுகிறேன். நீ சொன்ன அந்தக் கண்ணை நான் கவனிக்கவில்லை. அவள் என் பக்கத்தில்தான் நின்றிருக்கிறாள்.

அன்றிலிருந்து ரோட்டில் யாரையும் ஒரு சொல் சொல்லவில்லை. வேண்டுமானால் அவளைக் கேட்டுப் பார். மருந்துக்கடை முன்னால் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, பெரியவர்கள் யாராவது கடக்கும்போது கூடவே கடக்கப் பழக்கியிருக்கிறேன். "இப்ப போலாம்" என்று அவள் சொன்னால்தான் நான் கால் எடுத்து வைக்க வேண்டுமாம்.

வேளாங்கண்ணிக்கு நடப்பவர்கள் காவித் துணியோடு சாரி சாரியாகப் போகிறார்கள். "இவங்கல்லாம் எந்த ஸ்கூல்ப்பா?" என்று கேட்டாள். பாதி தூரம் அவர்களோடேயே மரியே வாழ்க சொல்லிக்கொண்டு நடந்தாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடிதத்தை எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம், "இது நல்ல லெட்டராப்பா, கோவ லெட்டரா?" என்று கேட்கிறாள். நல்ல லெட்டர்தான் என்கிறேன். என் முகத்தையே பார்க்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நான் பட்டினம் கோவிலுக்கு வரட்டுமா? உங்களோடு உட்காரக் கேட்கவில்லை. பின்னால் நின்றுகொள்கிறேன்.

ஜான்பீட்டர்

*

திருமலைராயன்பட்டினம்
நவம்பர் 19

அன்புள்ள ஓரேலி அப்பாவுக்கு,

போன கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. என்ன எழுதுவதென்று தெரியவில்லை. இப்போது தெரிகிறது.

நேற்று அடித்த மழையில் லேப்பில் எனக்கு இருப்பே கொள்ளவில்லை. மெயின் ரோட்டில் முழங்கால் தண்ணீர் என்றார்கள். பஸ் ஓடவில்லை என்றார்கள். நீங்கள் வந்திருக்க மாட்டீர்கள் என்றே முடிவு கட்டிவிட்டேன். மனதுக்குள் உங்களைத் திட்டித் தீர்த்துவிட்டேன். அர்ஷியா அக்காவுக்குப் போன் செய்தால், "புள்ள வந்துடுச்சும்மா, தல தொவட்டி விட்டுட்டேன், நீ பதறாத" என்கிறார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

பாப்பா எல்லாம் சொன்னாள். நீங்கள் குடை பிடித்தது, காற்றில் குடை திரும்பிக்கொண்டது, தண்ணீரில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டது, பஸ் போய்விடும் என்று தெருமுனையிலேயே இறக்கிவிட்டு ஓடியது. "அப்பா கத்தவே இல்லம்மா" என்று மூன்று தடவை சொன்னாள்.

நான் உங்களைத் தப்பாக நினைத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் இல்லை, இதில். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வாருங்கள். சாப்பிட்டுவிட்டுப் போகலாம். மற்றதை அப்புறம் பேசுவோம். நனைந்த உடம்பு, தலையை நன்றாகத் துவட்டிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
பெனிட்டா

*

நாகூர்
நவம்பர் 21

பெனி,

இதைப் பாப்பாவின் பையில் வைக்கவில்லை. அர்ஷியா அக்கா கையில் கொடுக்கிறேன். உட்கார்ந்து படி.

செவ்வாய்க்கிழமை நான் வரவில்லை.

காலையில் எழுந்ததும் போனில் செய்தி வந்திருந்தது. கனமழை, பள்ளிகளுக்கு விடுமுறை. ரூமில் எல்லோருக்கும் அதே செய்தி. எதிர்வீட்டுப் பிள்ளைகள் தெருத் தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தார்கள். அது நாகை கலெக்டர் விட்ட விடுமுறை. வாஞ்சூர் செக்போஸ்ட் தாண்டினால் மாநிலமே வேறு, அது செல்லாது, நமக்குக் கலெக்டர் வேறு. பட்டினத்தில் பிறந்து, அங்கேயே படித்து, நாகைப் பிள்ளைகளுக்கு லீவு நமக்கு இல்லையே என்று அழுதவன் நான். நாகூரில் நாலு மாதம் குடியிருந்ததில் அது எனக்கு மறந்துவிட்டது. மழையில் துறைமுகத்திலும் வேலையில்லை. இன்று பிள்ளையைப் பார்க்க முடியாதே என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம் போர்த்திக்கொண்டு நன்றாகத் தூங்கினேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் போனபோது பாப்பா ஒன்றும் சொல்லவில்லை. வழக்கம்போல உன் கடிதத்தைக் கொடுத்தாள். "நல்ல லெட்டர்தான்ப்பா" என்று அவளே சொன்னாள். பஸ் ஸ்டாப்பில் நின்று படித்தேன். பஸ் வந்தது, போனது. எனக்கு ஏறத் தோன்றவில்லை.

நேற்று அவளைக் கேட்டேன். கத்தவில்லை. குந்தி உட்கார்ந்து கேட்டேன். அன்றைக்குப் பள்ளி வாசலில் ரொம்ப நேரம் நின்றிருக்கிறாள். பிறகு டீச்சரிடம், "எங்கப்பா மருந்துக்கடைல நிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு, கூடப் படிக்கும் சஜிதாவின் அம்மா பின்னாலேயே வாசலைத் தாண்டியிருக்கிறாள். மருந்துக்கடையில் யாரோ கடக்கும்போது கூடவே கடந்திருக்கிறாள். அதற்குப் பிறகு தெரு முழுக்கத் தனியாக. அந்தத் தண்ணீரில், பெனி. சாக்கடை எது, ரோடு எது என்று பெரியவனுக்கே தெரியாத தண்ணீர்.

அம்மாவிடம் ஏன் அப்படிச் சொன்னாய் என்றேன். "நீங்க வரலேன்னு சொன்னா அம்மா ஒங்கள இனிமே வர வேணாம்னு சொல்லிடும்ல" என்றாள்.

நீ மனசு இறங்கி எழுதியதைப் படித்துவிட்டு, சொல்லாமல் சும்மா இருந்துவிடலாம் என்றுதான் ஒரு நாள் முழுக்க இருந்தேன். கிறிஸ்துமஸ், வீடு, எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஆனால் நான் சும்மா இருந்தால் அந்தப் பொய்யை அவள் தினமும் சுமக்க வேண்டும். குடையும் காற்றும் அவள் சொன்ன கதை. தோளில் தூக்கியதும் கதைதான்.

நீ என்ன முடிவு எடுத்தாலும் சரி. அவளை மட்டும் அடித்துவிடாதே.

ஜான்பீட்டர்

*

திருமலைராயன்பட்டினம்
நவம்பர் 22

திங்கட்கிழமையிலிருந்து நீங்கள் வர வேண்டாம். லேப்பில் முத்தமிழிடம் கேட்டு ஷிப்ட் மாற்றிக்கொண்டேன். நானே கூட்டி வருகிறேன்.

அர்ஷியா அக்கா வீட்டுக்காரர் நாகூரில் தன் கடைக்கு வருகிறார். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பெனிட்டா

*

நாகூர்
நவம்பர் 27

பெனி,

நீ சொன்னபடி வரவில்லை. பாய் கடை திறந்திருந்ததால் அவரிடமே இதையும் கொடுக்கிறேன்.

நாலு நாளாக ஷிப்ட் முடிந்ததும் கால் தானாகப் பஸ் ஸ்டாப்புக்குப் போகிறது. போய் நின்றுவிட்டுத் திரும்பிவிடுகிறேன். நீ செய்தது தப்பென்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அவள் என்ன நினைப்பாள்? உண்மை தெரிந்தால் அப்பா வர மாட்டார் என்று பயந்தாள். உண்மை தெரிந்தது, அப்பா வரவில்லை. இனி அவள் உன்னிடம் எந்த உண்மையைச் சொல்வாள்?

எனக்காகக் கேட்கவில்லை என்று எழுத நினைத்தேன். அது பொய். எனக்காகவும்தான் கேட்கிறேன்.

ஜான்பீட்டர்

*

திருமலைராயன்பட்டினம்
நவம்பர் 29

ஓரேலி அப்பாவுக்கு,

உங்கள் கேள்வி வருவதற்கு முன்பே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். போனைப் பார்த்துவிட்டுப் போர்த்திப் படுத்தீர்களே, யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அர்ஷியா அக்கா நம்பர் உங்களிடம் இருக்கிறது. அந்தத் தண்ணீரை நினைத்து இப்போதும் நடு இரவில் எழுந்து அவள் பக்கத்தில் படுத்திருக்கிறாளா என்று பார்க்கிறேன். அதை நான் லேசில் மன்னிக்கப் போவதில்லை. ஆனால் அவள் சொன்ன கதையையே என்னை நம்பவிட்டிருக்கலாம், நீங்கள் அப்படிச் செய்யவில்லை. அதையும் குறித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை வாசலில் என்னைப் பார்த்ததும் பாப்பா சுற்றுமுற்றும் தேடினாள். "அப்பாவுக்கு வேலை, இந்த வாரம் வர மாட்டாங்க" என்றேன். "சரிம்மா" என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். வாய் கூசாமல் நானும் பொய் சொல்லியிருக்கிறேன். அது பொய் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வாரம் முழுக்க அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கையைக் கொடுத்தாள், கூட நடந்தாள், அவ்வளவுதான். வாயாடிப் பிள்ளை.

உங்கள் கோபத்துக்கு ஒளிந்தாள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை அவள் ஒளிந்தது எனக்குப் பயந்து. என் 'அத்தோடு முடிந்தது' அவள் காதிலும் விழுந்திருக்கிறது. நீங்கள் டிவியை உடைத்தீர்கள், நான் கதவைச் சாத்தினேன். நடுவில் அவள் ஐந்து வயதில் எங்கே எதைச் சொல்லலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு நிற்கிறாள்.

உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன். இனிமேல் அவள் பையில் சாப்பாடு மட்டும் போகட்டும். வீட்டுக்குத் திரும்பி வருவதைப் பற்றி நான் இப்போது பேசவில்லை. கிறிஸ்துமஸைப் பற்றியும் பேசவில்லை.

திங்கட்கிழமை வாசலுக்கு வாருங்கள். நானும் இருப்பேன். மூன்று பேரும் நடந்து வருவோம். வழியில் உங்கள் வாயாலேயே அவளிடம் சொல்லுங்கள்: அன்றைக்கு அப்பா வரவில்லை, தப்பு அப்பாவுடையது, அம்மாவுக்குத் தெரியும். நானும் அவளிடம் சொன்ன பொய்யைச் சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து மறுபடியும் நீங்களே கூட்டி வாருங்கள். மழை பெய்தால் எனக்குப் போன் செய்யுங்கள்.

நேற்றுத் தெருவில் நடக்கும்போது அவளாகவே கேட்டாள். "அம்மா, நான் நெசத்த சொன்னா நீயும் போயிடுவியா?"

"கோவம் வரும். ஆனா எங்கயும் போவ மாட்டேன்" என்றேன். நீங்களும் அதையே அவளிடம் சொல்ல வேண்டும். சொல்ல முடியுமா என்று நன்றாக யோசித்துவிட்டு வாருங்கள்.

பெனிட்டா