உப்பும் இல்லை, சூடும் இல்லை, தர்சினி

என்ர உயிர் மச்சாள் தர்சினிக்கு,

கொழும்பில சண்டை பிடிச்சுப்போட்டு, பஸ்ஸால இறங்கி நேர உப்புவெளிக்கு, உங்கட வீட்டுக்குத்தான் வந்தனான். ஆரோட சண்டை எண்டு நீ கேக்கமாட்டாய். அந்தப் பேராசிரியரோடதான். நீ நிண்டிருந்தால் என்ர கையைப் பிடிச்சு வெளியில இழுத்துக்கொண்டு வந்திருப்பாய். இழுக்க ஆள் இல்லை, அதால முழுக்கச் சொல்லிப்போட்டுத்தான் எழும்பினனான்.

இதை வாசிக்கிற ஆக்களுக்கும் விளங்கவேணும். இறக்கக்கண்டிக்கு வடக்கால கரையில கிடக்கிற கருமணலில இருந்து நாங்கள் ரெண்டு பேரும் வெள்ளைத் தூள் எடுத்தனாங்கள். தைத்தேனியம் ஒட்சைட். சுவருக்கு அடிக்கிற வெள்ளைப் பெயின்ற்றில இருக்கிற அதே சாமான்தான், ஆனால் எங்கட தூளின்ர பளிங்குமணி ஒவ்வொண்டும் நனோ அளவு. அதில லேசரைப் பாய்ச்சி, சிதறி வாற ஒளியைப் பிரிச்சால், உள்ளுக்கு அணுக்கள் அதிருற விதம் கோடாய் விழும். அதுதான் இராமன் நிறமாலை. அந்தக் கோட்டின்ர பெரிய உச்சி புத்தகத்தில சொன்ன இடத்தில நிக்காமல், கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி, அகண்டு நிண்டது. மணி அவ்வளவு சின்னனடி, அதிர இடம் காணாது எண்டு நீ சொன்னனி.

பிறகு டெங்கு வந்தது. வந்து மிச்சத்தை அளப்பம் எண்டு சொல்லிப்போட்டுத்தானே ஆஸ்பத்திரிக்குப் போனனி? திரும்பி வரேல்லை. எனக்கு இன்னும் ஆத்திரம் தீரேல்லை. உன்னிலயோ நுளம்பிலயோ தெரியாது.

கட்டுரையை எழுதி, உன்ர பேரை முதல்லயும் என்ர பேரைப் பிறகும் போட்டு, இராமன் கோடு எடுக்கிற மெசின் பேராசிரியரின்ர பொறுப்பில இருக்கிறதால அவரிட்டக் குடுத்தனான். உச்சி தள்ளி நிக்கிற உன்ர வரைபைப் பார்த்தார். கடற்கரையில செய்த தூள்தானே பிள்ளை, உப்புக் கலந்திருக்கும் எண்டார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. திருகோணமலையில செய்தால் உப்பு, கொழும்பில செய்தால் விஞ்ஞானமோ? கறியுப்பு இராமன் ஒளிக்கு முன்னால வாயே திறக்காது, ஒரு கோடும் விழாது எண்டு அவருக்குத் தெரியாதோ? நீ தூளைக் கழுவின தண்ணியில வெள்ளி நைத்திரேற்றுத் துளி விட்டு, உப்பிருந்து கொஞ்சம் வெள்ளையாய்க் கலங்கினாலும் திரும்பக் கழுவுற ஆள். உன்ர கழுவல் தாங்காமல் நான் எத்தினை தரம் ஏசியிருப்பன்.

பிறகு லேசர் சூட்டில தள்ளியிருக்கும் எண்டார். அது நியாயமான கேள்விதான், நான் இல்லையெண்டேல்லை. சூடு ஏறினாலும் அந்த உச்சி அதே பக்கம்தான் தள்ளும். முதல் நாள் லேசரை முழு வலுவில விட்டுக் கருமணலையே எரிச்சுப்போட்டு, வந்த இரும்பு ஒட்சைட்டின்ர கோட்டைப் பார்த்து, புதுசாய் ஒண்டு கண்டுபிடிச்சிட்டம் எண்டு குதிச்ச ஆளும் நீதானே! அதுக்குப் பிறகு லேசரை ஆகக் குறைச்சுத்தான் நீ தொடங்குவாய்.

நானும் குறைச்சன். கோடு நடுங்கி நடுங்கித்தான் வந்தது, தேத்தண்ணி ஆறிப்போகக் காத்திருந்தனான். உச்சி நீ கண்ட இடத்திலயே நிண்டது. இன்னும் குறைச்சன், அசையேல்லை; சூடெண்டால் பின்னுக்கு வந்திருக்கவேணும். பிறகு அதே தூளில கொஞ்சத்தை உலையில வச்சு மணியை வளரவிட்டு, ஆறினாப் பிறகு அளந்தனான். உச்சி மெலிஞ்சு புத்தகத்தில உள்ள இடத்துக்கு வந்திட்டுது. நீ சொன்னதுதான், மணி சின்னன் எண்டபடியாலதான் தள்ளி நிண்டது. அந்த மெசினுக்கு முன்னால தனிய இருந்து குழறி அழுதனான் மச்சாள். பக்கத்தில நீ இல்லாமல் அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கேல்லை.

இண்டைக்கு இதெல்லாத்தையும் கொண்டுபோய் அவருக்கு முன்னால வச்சனான். பார்த்துத் தலையாட்டினார். அப்ப வரைபு இருக்கட்டும் எண்டவர், தர்சினி, உன்ர பேரை மட்டும் எடுத்துக் கடைசியில நன்றி சொல்லுற இடத்தில போடச் சொன்னார்.

"செத்துப்போனவவிட்ட ஆர் பிள்ளை கேள்வி கேக்கிறது?"

"என்னட்டக் கேக்கட்டும் சேர். அவவின்ர பேர் முதல்லதான் இருக்கும்."

அப்பிடியெண்டால் தன்ர ஆதரவு இல்லையாம். நல்லது எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன். இனி அந்த மெசினில என்னைக் கை வைக்க விடமாட்டார். போகட்டும். இந்த நாட்டில வேற மெசின் இல்லையோ? கதவு கதவாய்த் தட்டுவன், எனக்கு வெக்கம் இல்லை.

இங்க வீட்டில உன்ர அம்மா, என்ர மாமி, நான் சொன்ன எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு இருந்தா. உச்சியும் லேசரும் அவவுக்கு என்னத்துக்கு? கடைசியில, அவள் கண்டது சரியோ பிள்ளை எண்டு மட்டும் கேட்டா. ஓம் மாமி, சரிதான் எண்டனான். முகத்தைத் துடைச்சுக்கொண்டு குசினிக்குள்ள போயிட்டா.

கட்டுரையை நாளைக்குச் சஞ்சிகைக்கு அனுப்பிறன். உன்ர பேர் முதல். ஆராவது எங்கட தூளை எடுத்து, ஒழுங்காய் அளந்து, நீ பிழையெண்டு காட்டினால் அதையும் ஒளிக்காமல் உனக்கு எழுதுவன், இது சத்தியம். அளக்காமல் உன்ர பேரில கை வைக்க வந்தால், ஒருத்தரையும் விடமாட்டன்.

உன்ர மாமி பெத்த மச்சாள்,
வதனி