கடல் பக்கத்து ஜன்னல்

தூத்துக்குடி,
மார்கழி, 1974

அன்புள்ள தம்பிக்கு,

ஜெயிலிலிருந்து நீ போட்ட கார்டு கிடைத்தது. "இனி அத்தான் உன் மேல் கை வைக்க மாட்டாரே" என்று எழுதியிருந்தாய்.

வைக்க முடியாது. என்னை அடித்துக்கொண்டிருந்தவரை நீ துடுப்பால் பிடரியில் அடித்த நாளிலிருந்து கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. வாய் மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

அந்த உடம்பில் சூடு தங்குவதில்லை; குளிர்தான் அவருக்கு எமன். நமக்கு வியர்க்கிற வெயிலிலும் கம்பளி கேட்பார். இப்போது வாடைக்காற்று வேறு. கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து கழுத்தில் ஒத்தடம் கொடுப்பேன். போன வாரம் அப்படிக் குனிந்தபோது, "நாயே, ஒன் தம்பிதானளா என்னய இப்படி ஆக்குனான்" என்று என் விரலை ரத்தம் வரக் கடித்துவிட்டார்.

கம்பளியை உருவிப் போட்டுவிட்டுக் கடல் பக்கத்து ஜன்னலைத் திறந்தேன். உதடு நீலம் பாரித்தது. பல் தந்தியடித்தது.

"ஏளா, அடைச்சிருளா. ஒன் கால்ல விழுதேன்."

அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டேன். பிறகு அவர் திட்டியபோதெல்லாம் திறந்தேன்.

இன்று காலை அவர் வாயே திறக்கவில்லை. நான் கிட்டே போனதும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவர் கை ஓங்கும்போது நான் மூடிக்கொள்வேனே, அதே மாதிரி.

ஆனாலும் திறந்தேன்.

விடுதலையானதும் நேரே இங்கே வா, தம்பி. இந்தத் தடவை அவருக்காக வா.

உன் அக்கா