நடுச்சுவர்

ஆவணி 4
தமுக்கு அடித்துக்கொண்டு போனார்கள். நெசவாளர் தெரு எரிந்ததிலிருந்து ஒல்லாந்தருக்கு ஓலையைக் கண்டாலே பயம். கோட்டைக்குப் பக்கத்தில் இனி ஓலைக்கூரை கூடாதாம். ஐப்பசி பிறக்குமுன் ஓடு போட்டவன் இருக்கலாம். போடாதவன் முகத்துவாரத்து மணலுக்குப் போகவேண்டும். அடைமழையில் அங்கே ஏரியும் கடலும் ஒன்றாகிவிடும். என் மாமியார் அங்கே குடியிருந்துதான் இரண்டு பிள்ளைகளைத் தண்ணீருக்குக் கொடுத்தாள். தமுக்கு அடித்தவனுக்குத் தெரியாது. நான் மறக்கவில்லை.

ஆவணி 5
மகன் துளசிங்கம் சூளைக்குப் போய் ஓட்டின் விலை கேட்டுவந்தான். சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்துவிட்டான். மருமகள் ராஜாத்திக்கு இது ஏழாம் மாதம். "அத்தே, புள்ள அந்த மணல்லயா பொறக்கணும்?" என்றாள்.

ஆவணி 9
நெசவாளர் தெருவில் வாடகைக்கு அறை கேட்டோம். வீடு எரிந்தவர்களே ஓர் அறைக்கு மூன்று குடும்பமாக இருக்கிறார்கள். மீன் நாற்றம் ஆகாது என்றும் ஒருத்தி சொன்னாள். அவள் முகம் நினைவிருக்கும்.

ஆவணி 16
ஒல்லாந்தர் கும்பினிக்கு மொழிபெயர்க்கும் துபாஷி கோதண்டம் குப்பத்துக்கு வந்தார். ஏழைகளுக்கு ஓடு பாதி விலையாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பிறகு வால் வந்தது – அவர்கள் வைத்த அளவுக்குக் குறைந்த வீட்டுக்குக் கிடையாது. எங்கள் குடிசை மாதிரி இரண்டு சேர்ந்தால்தான் அந்த அளவு.
"அவ்ளோ பெரிய வூடு கட்டறவன் எதுக்குங்க பாதி வெலைக்கு வரான்?" என்றேன்.
"நான் இன்னா பண்ணட்டும் பெரியம்மா. சொன்னதைச் சொல்றேன்."

ஆவணி 17
ராஜாத்தி ஒரு வழி சொன்னாள். பக்கத்துக் குடிசையையும் சேர்த்து, நடுவில் சுவர் வைத்து, ஒரே கூரையாகப் போட்டால் அளவு வந்துவிடும். செலவும் பாதிப் பாதி.
பக்கத்துக் குடிசை மணியம்மாளுடையது. முடியாது என்றேன்.

ஆவணி 18
முடியாது. என் வீட்டுக்காரர் கடலோடு போனபோது, காரியம்கூட முடியவில்லை, மணியம்மாள் புருஷன் ஊர்க்கூட்டத்தில் எழுந்தான். ஆம்பளை இல்லாத வீட்டுக்கு எதுக்குப் பாடு என்றான். ஏரியில் வலைபோட எங்களுக்கிருந்த முறை, அந்தப் பாடு, அன்றோடு போயிற்று. துளசிங்கம் தவழ்கிற பிள்ளை. இவள் பின்னால் நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொன்னாளா? அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். இவள் இருக்கிறாளே.

ஆவணி 25
ராஜாத்தி என்னிடம் சொல்லாமல் முகத்துவாரத்துக்குப் போய்க் குடிசை போட இடம் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். முழங்கால் வரை சேறு. நான்தான் கழுவிவிட்டேன்.

ஆவணி 26
போனேன். வெளியே நின்றே சொன்னேன். மணியம்மாள் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
"இத்தினி வருசம் கழிச்சு என் வாசல் தெரிஞ்சுதா பொன்னி?"
"வாசலுக்கு வரல. ஓட்டுக்கு வந்தேன்."
"நடுசொவத்துல கதவு வெக்கக்கூடாது."
"ஜன்னலே கூடாது."
அதில் மட்டும் ஒத்துப்போனோம்.

புரட்டாசி 12
துபாஷி அளக்க வந்தார். நடுவில் எழும்பியிருந்த சுவரைத் தட்டி, "இது ஒரு வூடா, ரெண்டு வூடா?" என்றார். இரண்டு என்றால் ஓடு இல்லை.
மணியம்மாள்தான் முந்தினாள். "ஒண்ணுதாங்க. நாங்க அக்கா தங்கச்சி."
யார் அக்கா என்று கேட்டார். "அவதான். பல்லைப் பாருங்க" என்று என்னைக் காட்டினாள்.
துபாஷி சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். அந்தப் பொய் என் வாயில் வந்திருக்காது. அன்றைக்குத் திறக்காத வாய் இன்றைக்குத் திறந்தது. இதை எந்தக் கணக்கில் வைப்பது?

புரட்டாசி 27
ஓடு ஏறிவிட்டது.

ஐப்பசி 19
பெண் குழந்தை. இருவரும் சுகம். முகத்துவாரத்து மணலில் தண்ணீர் ஏறிவிட்டதாம். அங்கே போனவர்கள் பிள்ளைகளோடு கோட்டை மதிலோரம் நனைந்துகொண்டு நிற்கிறார்கள். பாதி விலை சொன்னவர்கள் யாரும் அந்தப் பக்கம் வரவில்லை. இரண்டு குடும்பத்தை எங்கள் பாதியில் ஏற்றினோம். அவள் பாதியிலும் ஆள் பேச்சு கேட்கிறது.

கார்த்திகை 6
மழை விடவில்லை. எங்கும் ஒழுகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மணியம்மாள் காலையிலிருந்து இருமுகிறாள். எங்கள் பாடு போனதைப் பற்றி அவள் இன்னும் வாய் திறக்கவில்லை. நானும் விட்டுவிடவில்லை. இருமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டால், கைவேலையை வைத்துவிட்டுக் காது கொடுக்கிறேன்.