தொண்ணூற்றொன்று ஒத்துவராத எண்

மார்ச் 4, செவ்வாய்
எங்கள் அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கு இருபத்தைந்து வயதாகிறதாம். மாடியிலிருந்து ஒரு படம் எடுக்கப்போகிறார்கள். கீழே எல்லோரும் சம வரிசையாக, நீள்சதுரமாக நிற்க வேண்டும். ஆட்களை நிறுத்தும் வேலையை மேனேஜர் என் தலையில் கட்டிவிட்டார். மொத்தம் தொண்ணூற்றொரு பேர்.

மார்ச் 5
இரண்டால் போகாது. மூன்றால் போகாது — ஒன்பதும் ஒன்றும் பத்து. ஐந்தாலும் போகாது. பகா எண்ணேதான். எப்படி நிறுத்தினாலும் ஒருத்தர் துருத்திக்கொண்டு நிற்பார்.
"அப்ப ஒரு ஆளைக் கழிச்சிடுங்க. தொண்ணூறு அம்சமா நிக்கும்" என்றார் மேனேஜர்.
யாரை?

மார்ச் 6
நாத்தனாரை.
கடைசியாகச் சேர்ந்தவள் அவள்தானே. புருஷனை விட்டுவிட்டு நாலு மாதம் முன்பு எங்கள் வீட்டுக்கு வந்தாள். வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். சமையலறையில் திரும்பினால் அவள், குளியலறைக் கதவைத் தட்டினால் உள்ளே அவள்.
நான் போனபோது பசை டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். "உன்னைப் படத்துலேருந்து எடுக்க வேண்டியதாப் போச்சு. நம்பர் அப்படி அமைஞ்சிடுச்சும்மா, நான் என்ன பண்றது" என்றேன். மூடியை இன்னொரு தரம் அழுத்திவிட்டு, "சரி அண்ணி" என்றாள். சண்டை போட்டிருந்தால் தேவலை.

மார்ச் 8
நிம்மதியாக இருக்கிறது. பின்னே ஏன் நிம்மதியாக இல்லை?

மார்ச் 9, ஞாயிறு
சாப்பிடும்போது மகளிடம் பெருமையாகச் சொன்னேன், எங்கள் கம்பெனியில் பகா எண் ஆட்கள் என்று. எட்டாம் வகுப்புதான் படிக்கிறாள். தட்டிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.
"ஏழு பதிமூணு தொண்ணூத்தொண்ணும்மா. ஏழால வகுத்துப் பாக்கலையா?"
பார்க்கவில்லை. ஏழுக்குக் குறுக்கு வழி எனக்குத் தெரியாது, உட்கார்ந்து வகுக்க வேண்டும். சோம்பலா? இல்லை, வகுத்தால் போய்விடுமோ என்ற பயமா?
அவள் விடவில்லை. ஒன்றிலிருந்து பதின்மூன்று வரை கூட்டினாலும் அதே எண்ணாம், முக்கோணமாகக்கூட நிற்கலாமாம். ஒன்று, நாலு, ஒன்பது, பதினாறு, இருபத்தைந்து, முப்பத்தாறு — இந்தச் சதுரங்களைக் கூட்டினாலும் அதேதான். இத்தனை விதத்தில் ஒத்துப்போகிற எண்ணையா ஒத்துவராது என்றேன்? என்ன பொம்பளை நான்.

மார்ச் 10
நாத்தனார் மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கணக்கு தப்பாகிவிட்டது, நீயும் நிற்கலாம் என்றேன்.
"ஏழு பதிமூணுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் அண்ணி."
"அப்புறம் ஏன் சொல்லல?"
"சொன்னா வேற காரணம் தேடியிருப்பீங்க." ஈரத்துணியை உதறினாள். "நான் ரூம் பாத்துட்டிருக்கேன். சீக்கிரம் போயிடறேன்."
இதைத்தானே மனசுக்குள் கேட்டேன். கேட்டது கிடைச்சிடுச்சில்ல, அப்புறம் எதுக்குடி அழுவுற?

மார்ச் 14
படம் எடுத்தாயிற்று. ஏழு வரிசை, வரிசைக்குப் பதின்மூன்று பேர். யாரும் துருத்திக்கொண்டு நிற்கவில்லை. அவள் எனக்குப் பக்கத்தில்தான் நின்றாள், மாடியையே பார்த்துக்கொண்டு.

மார்ச் 20
ரூம் பார்க்க நானும் கூடப் போனேன். முதல் ரூமில் ஜன்னல் இல்லை என்றேன். அடுத்ததில் தண்ணீர் சரியாக வராது என்றேன். மூன்றாவது நன்றாகத்தான் இருந்தது. ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "உனக்கு ஒத்துவராது" என்றேன்.
"இதையும் ஏழால வகுக்காமலே சொல்றீங்களா அண்ணி?"
பத்து நாளில் இப்போதுதான் சிரிக்கிறாள். நானும் சிரித்தேன்.
நாளைக்கு இன்னொரு ரூம். அதிலும் ஒரு குறை இல்லாமலா போய்விடும்.