பிளேட்டா, கம்பியா

8-7-99, வியாழன்
காலை முதல் தூறல். கரமனைப் பாலத்தில் முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. பிரேக் பிடித்தேன். ஸ்கூட்டர் வழுக்கியது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். பின்னால் இருந்த என் மனைவி செண்பகத்துக்கு வலது தொடையெலும்பு முறிவு, முழங்காலுக்குச் சற்று மேலே. ஆஸ்பத்திரியில் காலுக்கு எடை கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

மாலை அவள் தம்பி தாணு நாகர்கோவிலிலிருந்து வந்தான். நான் வாய் திறக்குமுன் அவளே, "குளிமுறியில வழுக்கி விழுந்துட்டேன்டே" என்றாள். குளியலறையில்தான் என்று நானும் தலையாட்டினேன்.

9-7, வெள்ளி
மலையாளி டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டினார். மூட்டுக்குள் விரிசல் இல்லையாம். அதனால் இரண்டு வழி. மறக்காமலிருக்க:
பிளேட் - தொடையின் வெளிப்பக்கம் நீள வெட்டு. எலும்பை நேரே பார்த்துச் சேர்த்து ஸ்க்ரூ. ரத்தம் கூடுதல் போகும்.
கம்பி - முழங்காலில் சிறு வெட்டு. அதன் வழியே எலும்புக்குள் கம்பி. பிறகு மூட்டுவலி வரலாம்.

சாலைக் கடைத்தெருவில் இரும்புக்கடை வேலை எனக்கு. தினமும் ஸ்க்ரூ எண்ணிக் கொடுப்பவன். இன்று அந்தச் சொல்லை எழுதவே பிடிக்கவில்லை.

எனக்குக் கம்பிதான் மனசு. சின்ன வெட்டு. நான் கொடுத்த வலியே போதும் அவளுக்கு.

செண்பகம் டாக்டரிடம் கேட்டது ஒன்றுதான்: "உங்களுக்கு எது சார் கைப்பழக்கம்?"
"பிளேட்தன்னே. நிறையச் செஞ்சிட்டுண்டு."
"அப்ப அது மதி." பிளேட் என்று முடிவாயிற்று.

12-7, திங்கள்
ஆபரேஷன். இரண்டரை மணி நேரம். ரத்தம் கேட்டார்கள். என் குரூப் சேரவில்லை. தாணு சட்டைக்கையை மடக்கிக்கொண்டு போனான். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வெளியே கொண்டுவந்ததும், "அம்மே, விரல் அனக்கு" என்றாள் நர்ஸ். கால் பெருவிரல் அசைந்தது. சுவரில் சாய்ந்துகொண்டேன்.

15-7, வியாழன்
முழங்கால் மடக்கும் பயிற்சி. பல்லைக் கடித்துக்கொண்டு என் விரல்களை நெரித்தாள். பாதி மடங்கியது. நல்ல தொடக்கம் என்றார் டாக்டர். கால் ஊன்ற மாதங்கள் ஆகும்.

கேன்டீனில் தாணுவிடம் சொல்லிவிட்டேன். "குளிமுறி இல்லடே. ஸ்கூட்டர். நான்தான் ஓட்டினேன்."
"தெரியும் அத்தான். துணி எடுக்க வீட்டுக்குப் போனேன்லா, வண்டி சிராய்ச்சுக் கெடந்ததப் பாத்தேன்."
"பின்னே ஏன் கேக்கல?"
"கேட்டா அக்காவுக்குச் சங்கடம்லா. சாயா ஆறுது, குடிங்க."

குடித்தேன். கண் நிறைந்துவிட்டது.

மேலே வார்டுக்கு வந்தால் செண்பகம் தலை வாரிவிடச் சொன்னாள். எனக்குப் பின்னத் தெரியாது. இரண்டாகப் பிரித்து முறுக்கிவிட்டேன். கண்ணாடி கேட்டாள். கொடுக்கவில்லை.