உறையில் காய்ந்த சந்தனம்

நிலா, தென்முனைக் குடியிருப்பு
41ஆம் நாள், காலை 7.10

முருகன் துணை. மண்ணைச் சோதிக்கும் கம்பியை இறக்கினேன். இது என் வீட்டுக்காரர் வேலை. முதுகெலும்பு முறிந்து மருத்துவ அறையில் கிடக்கிறார். அவர் புத்தகங்களைப் படித்துப் படித்து நானே கற்றுக்கொண்டேன். கம்பி நுனிக்கு மேலே ஓர் எஃகு உறை. இறங்கும்போது மண் அதை எவ்வளவு உரசிப் பிடிக்கிறது என்று அளக்க வேண்டும். பிடிக்காத மண்ணில் தூண் நிற்காது. உராய்வு: 9 கிலோபாஸ்கல். வேண்டியது 30. தண்ணீர்த் தொட்டிக்கு இந்த இடம் ஆகாது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

43ஆம் நாள், மாலை 5.40

நேற்று ஆயுத பூஜை. தலைமைப் பொறியாளர் தணிகாசலம் கருவிகளுக்குச் சந்தனம் வைத்தார். கைப்பிடியில் ஒரு பொட்டு போதாதா? உறை முழுக்க அப்பியிருக்கிறார். இடுக்கெல்லாம் காய்ந்து கல்லாகிவிட்டது; அந்த இறுக்கமும் உராய்வாகத்தான் பதிவாகும். இன்று அதை அப்படியே இறக்கி, உராய்வு 34 என்று பூமிக்கு அனுப்பிவிட்டார். தொட்டி அங்கேயேதான் வருமாம், மருத்துவ அறையை ஒட்டி. வானொலியில் கூப்பிட்டேன்.

"சார், நீங்க அளந்தது மண்ணை இல்ல, சந்தனத்தை."

"வேதநாயகியம்மா, சாமி காரியத்துல குத்தம் சொல்லாதீங்க."

"பூஜை முடிஞ்சா தொடைச்சிட்டு வேலை பாருன்னுதான் சாமி சொல்லும்."

"எனக்கும் தெரியும்மா. அறிக்கை போயாச்சு. இப்ப மாத்தினா என் வேலை போயிடும். நீங்க போய்ச் சமையலைக் கவனிங்க."

தெரியுமாம்! தெரிந்தே செய்கிறார்.

52ஆம் நாள், காலை 9.00

உறையைத் துடைத்து மறுபடி இறக்கினேன். அதே 9. தூண்களை நட்டுவிட்டார்கள். என் வீட்டுக்காரரையாவது வேறு அறைக்கு மாற்றுங்கள் என்று தணிகாசலத்திடம் கேட்டேன்.

"அவரை மாத்தினா தொட்டி மேல சந்தேகம்னு ஆயிடும்மா."

நீங்கள் கும்பிட்டது எந்தச் சாமியை ஐயா? உங்கள் நாற்காலியையா?

60ஆம் நாள், பகல் 2.15

தொட்டியில் தண்ணீர் ஏற்றுகிறார்கள். அனுமதியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். மருத்துவ அறைப் பூட்டைக் கடப்பாரையால் பெயர்த்துவிட்டேன். அவரைக் கட்டிலோடு இழுக்கிறேன். நான் வாயால் சொல்லச் சொல்லக் குறிப்புக் கருவி பதிவு செய்கிறது.

2.31

தூண் இறங்குகிறது. தரை வழியாக உள்ளங்காலில் தெரிகிறது.

"அம்மா, தணிகாசலம் பேசறேன். தூண் இறங்குதா? எவ்வளவுன்னு அளந்து சொல்லுங்கம்மா, சீக்கிரம்!"

இப்போது அளக்கச் சொல்கிறான். பாவி, அன்றைக்கே அளந்து கொடுத்தேனே.

2.34

வாசல் கோணிவிட்டது. கட்டில் நுழையவில்லை. இவர் என்னைப் போகச் சொல்கிறார். போக மாட்டேன். முருகா, சுவர்