கிண்ணம் வழியவில்லை

அன்புள்ள சகுந்தலா,

உன் முட்டிவலி தேவலையா? நான் நலம்.

நம் மகன் சிவேந்திரன் தியானம் பழகிய பிரிக்பீல்ட்ஸ் புத்த விகாரையில், அவன் இறந்து ஓராண்டு நிறைந்ததற்கு நண்பர்கள் அன்னதானம் செய்தார்கள். அவனுக்குப் புண்ணியம் சேரக் கிண்ணத்தில் நீர் வழியும்வரை ஊற்றச் சொன்னார்கள். விளிம்பு வந்ததும் என் கை நின்றுவிட்டது.

"ஊத்துங்க அங்கிள், வழியணும் லா," என்றாள் அவன் தோழி சுதர்சினி.

"போதும்மா."

வழிந்துவிட்டால் அவனை அனுப்பிவிட்டதாகிவிடுமே. பள்ளியைவிட்டுப் போன மாணவனின் பெயரையும் வகுப்பில் கூப்பிட்டுக்கொண்டே இருப்பேனே, அப்படித்தான்.

"அப்ப ஆன்டியக் கூட்டிட்டு வந்து ஊத்துங்க," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை தைப்பிங்கிலிருந்து ரயிலேறி வா. வெள்ளைச் சேலை எடுத்துக்கொள். என் வெள்ளைச் சட்டையைத்தான் அவனுக்கு உடுத்தி அனுப்பினோம். எனக்கொன்று வாங்கி வா.

டியூஷன் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். தனியாக எனக்கு ஊற்ற வராது, சகுந்தலா.

உன்,
கனகசபை